கடைசி வரிசைக்குத் தெரியும் நகம்

அத்தியாயம் பதினான்கு

அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. மழை குறித்து எந்த வாக்குறுதியும் தரவில்லை. காற்று அறவே இல்லை. கொடியில் கிடந்த துண்டு, நேற்றிரவு போட்ட மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மருமகள் அடுக்களை அலமாரியைத் திறந்தாள். திறந்த கையை எடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

பாட்டில்கள் அனைத்தும் நிமிர்ந்து நின்றன.

வரிசையாக, இடைவெளி பிசகாமல், ஒட்டிய சீட்டு முன்பக்கம் தெரிய, அணிவகுப்புக்கு வந்த காவலர்களைப் போல நின்றன. நேற்றிரவு அவள் அவற்றை முட்டை அட்டையின் குழிகளில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனாள். முட்டை அட்டையைக் காணவில்லை.

"அத்தை, இதையெல்லாம் யாரு நிமிர்த்தினாங்க?"

"யாரு நிமிர்த்துவா? நான்தான்." மாமியார் காபி ஆற்றுவதை நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குல ஆயுசுல பாதி இருந்திருக்கேன். நான் சாவி வச்சிருந்த வரைக்கும் ஒரு பாட்டில் தலைகீழா நின்னதில்ல. காலையில பார்க்கறேன், மொத்தமும் சிரசாசனம் பண்ணிட்டிருக்கு. அசதியில கொட்டிக் கவுத்துட்டுத் தூங்கிட்டே போலன்னு நெனச்சேன். பாவம்னு எடுத்து அடுக்கினேன்."

"முட்டை அட்டை?"

"பழைய பேப்பரோட போயாச்சு."

மருமகள் ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே முக்கால் பாகம் நிறமற்ற நகப் பாலிஷ், ஊற்று நீரைப் போலத் தெளிந்திருந்தது. அடியில் ஜிகினா முழுவதும் வண்டலாக உட்கார்ந்திருந்தது. கவிழ்த்து வைத்தால் ஜிகினா கழுத்துப் பக்கம் இறங்கும்; காலையில் நிமிர்த்தினால் தானாகவே மிதந்து பரவும். நிமிர்த்தி வைத்தால் அடியில் சேர்ந்து, அங்கேயே குடியிருக்கத் தீர்மானித்துவிடும்.

இன்று பத்து மணிக்கு நாடக அரங்கத்தில் இந்தப் பூச்சுக்குச் சோதனை.

இந்த வீட்டின் முன்னறையில் குட்டியின் பார்லர் நடக்கிறது என்பதும், தெருமுனையில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பார்லர் வந்ததிலிருந்து அங்கே ஆட்களைவிட நாற்காலிகளே அதிகம் என்பதும் வாசகர்கள் அறிந்தவை. குட்டிக்கு வயது முப்பத்து நான்கு. அவளை அந்தப் பெயரால் அழைப்பதை நிறுத்த எவருக்கும் இதுவரை தோன்றவில்லை. அவளுடைய அண்ணி, அதாவது இந்த வீட்டு மருமகள், பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவள். மாலையில் வந்து, அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஜிகினா நகப்பூச்சு கலப்பாள். கடையில் வாங்கிய எந்த ஜிகினாவையும் அவள் உடனே நம்புவதில்லை. தனிப் பாட்டிலில் ஒரு வாரம் ஊறப்போட்டு, சாயம் கக்காததை மட்டுமே சேர்ப்பாள். கக்கியவை குப்பைக்குப் போயின. அந்தக் குப்பைத்தொட்டி இந்தத் தெருவிலேயே அழகானது.

மாமனார் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற வாரம் அவர் தம் முடிவைச் சொல்லிவிட்டார்: வியாழன் மாலை ஆறு மணிக்கு, முன்னறையை வாடகைக்குக் கேட்ட பல் டாக்டர் வருவார். அதற்குள் நிலையான வேலை ஒன்று எழுத்தில், கையெழுத்தோடு வந்தால் முன்னறை பார்லருக்கு; வராவிட்டால் பல் நாற்காலிக்கு.

"வாய்ச்சொல்லை நம்பி நான் ஒரு வரிகூட எழுதினதில்லம்மா" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பேச்சு மாறுகிறவரும் அல்லர், அதுதான் சிக்கல்.

மருமகள் பாட்டிலை இறுகப் பிடித்துப் பலங்கொண்டமட்டும் குலுக்கினாள். உள்ளே போட்டிருந்த இரண்டு எஃகு மணிகளும் கலகலத்தன. ஜிகினா எழுந்தது. கூடவே நுரையும் எழுந்தது. சோடாவைத் திறந்தாற்போல் ஆயிரம் குமிழிகள்.

குமிழியோடு பூசினால் காய்ந்தபின் நகமெல்லாம் ஊசித்துளை. பெயிண்ட் கடையில் டப்பாவை எந்திரம் குலுக்கும். குலுக்கியபின் ஆறப்போட நேரம் இருக்கும். இங்கே நேரம் இல்லை.

"குலுக்காதேம்மா" என்றார் மாமியார்.

"குலுக்காம எப்படி அத்தை கலக்கறது?"

"இப்படிக் கொடு." காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு பாட்டிலை வாங்கிக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதைப் படுக்கவைத்து, மெல்ல, மிக மெல்ல, முன்னும் பின்னும் உருட்டினார். "கலங்கல் மருந்து சிலது குலுக்கினா நுரைக்கும், நுரைச்சா அளவு தப்பும். நர்ஸுப் பொண்ணுங்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம், குலுக்காதே, உருட்டுன்னு. உடம்புச் சூடும் சேரும்; இளகும்."

சற்று நேரம் சென்றது. வண்டலின் ஓரம் கலைந்தது. ஒரு மினுக்கு எழுந்தது. அதன் பின்னால் பத்து. அதன் பின்னால் எல்லாம். ஒரு குமிழிகூட இல்லை.

மருமகள் பார்த்தாள். கோபித்துக்கொள்ள வேண்டியவரிடம் நன்றி சொல்ல வேண்டியதாகிவிட்டது, இரண்டையும் ஒத்திவைத்தாள்.

"ஒரு பாட்டிலுக்கே இவ்வளவு நேரம் ஆகுது அத்தை. ஆறு பாட்டில் இருக்கு."

"பஸ்ஸுல போகும்போது உருட்டிக்கலாம். நானும் வரேன். என் ரெண்டு கை சும்மாதானே இருக்கு."

அப்போது மாமனார் தம் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே உள்ளே வந்தார். நீலமாக, வளைவாக, மெல்லியதாக ஒன்றை இரு விரலால் எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இது யாரோட நகம்?"

"என்னோடதுதான் மாமா. நகம் இல்ல, பாலிஷ். காலையில உரிச்சு வச்சேன்."

"என் பையில எப்படி வந்தது?"

"சட்டையை மடிச்சது நானில்லையா மாமா?"

"நேத்து என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுல ஒண்ணு. முந்தாநாள் மோர்ல ஒண்ணு. இந்த வீட்டுல பாம்பு சட்டை உரிக்கிற மாதிரியில்ல இருக்கு!"

அது மருமகளின் ஏற்பாடு. பெயிண்ட் கடை முதலாளிக்கு நிறம் கலக்கிறவர்களின் கை வெறுமையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் ஜிகினாவைச் சுரண்டி எடுத்தால் விரலே மிஞ்சாது. ஆகவே, முதலில் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் இளக்கி நகத்தில் அடிப்பூச்சாக இடுவாள்; அது கண்ணாடி போல் காய்ந்தபின் மேலே பாலிஷ். மறுநாள் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் முழுசாக வந்துவிடும். சுவருக்கே அடிப்பூச்சு இல்லாமல் அவள் நிறம் தரமாட்டாள். நகத்துக்கு மட்டும் தருவாளா?

"ஆறு மணி" என்றார் மாமனார், போகிற போக்கில்.

"தெரியும் மாமா."

முன்னறையிலிருந்து குட்டியின் குரல் வந்தது. "அம்மா, அண்ணிகிட்டச் சொல்லு, நான் கிளம்பத் தயார்."

அண்ணி ஆறடி தொலைவில்தான் இருந்தாள். ஆனால் செவ்வாய் இரவிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. மருமகள் கலந்தது பனித்தூள்: மாவைவிட நயமான வெள்ளி ஜிகினா, ஆறு பாட்டில். குட்டி தனியாக ஒரே ஒரு பாட்டில் கலந்திருந்தாள்: கடுகளவுக்கு மேற்பட்ட அறுகோணச் செதில்கள், வெள்ளியும் தங்கமும். அதைப் பார்த்து மருமகள் சொன்னது ஒரே ஒரு சொற்றொடர்: "மீன் கடை மாதிரி இருக்கு."

"சொல்லிடு அம்மா, மீன் கடைக்காரி வாசல்ல நிக்கறேன்னு."

"ஏண்டி, நான் என்ன தபால்காரியா?" என்றார் மாமியார். "அவ காது என் காதைவிட நல்லாக் கேக்கும். நீயே சொல்லு."

யாரும் சொல்லவில்லை. கிளம்பினார்கள்.

*

பேருந்தில் மூன்று பெண்கள் ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டிலை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர் இருக்கைப் பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, தாளமாட்டாமல் கேட்டார்.

"என்னம்மா, குளிருதா?"

"வேண்டுதல்" என்றார் மாமியார், முகம் மாறாமல்.

பெரியவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியபோது, குட்டி தன் கைப்பையிலிருந்து ஏழாவது பாட்டில் ஒன்றை எடுத்துத் தாயின் கையில் திணிப்பதை மருமகள் ஓரக்கண்ணால் கண்டாள். உள்ளே பெரிய செதில்கள் சரிந்து புரண்டன. கொண்டுவர வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்த பாட்டில். மாமியார் அதையும் நடுநிலை தவறாமல் உருட்டினார்.

மருமகள் தன் பாட்டிலைச் சற்று வேகமாக உருட்டினாள். சொல்வதானால் நேரே பேச வேண்டியிருக்கும்.

*

நாடக அரங்கம் பகலில் தன் வேடத்தைக் கலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. இருக்கைகள் மேல் தூசித்துணி. மேடையில் பாதி அடித்த ஒரு சுவர். ஏணி உச்சியில் விளக்குக்காரர். புது மரமும் பழைய திரையும் கலந்த வாசனை.

ஒப்பனைப் பொறுப்பாளர் ஐம்பதைத் தொட்ட பெண்மணி. கழுத்தில் அளவு நாடா, கொண்டையில் பென்சில். அவருடைய உதவியாளர் ஒருத்தி குட்டியின் பார்லருக்கு வந்துபோனதால்தான் இந்த அழைப்பே வந்தது. அவர் சுற்றிவளைத்துப் பேசுகிறவர் அல்லர்.

"புது நாடகம். முதல் பாதியில கதாநாயகி பெரிய பணக்காரி. ஒரு இடத்துல கையை நீட்டி, 'இதெல்லாம் என்னுது'ம்பா. மத்த விளக்கெல்லாம் அணைஞ்சு அந்தக் கை மட்டும் தெரியும். நகம் மின்னணும். எனக்குக் கிட்டப் பாத்தா எப்படி இருக்குங்கறது முக்கியமில்ல. கடைசி வரிசைக்குத் தெரியணும். அங்க உக்கார்றவனும் டிக்கெட் வாங்கித்தானே வரான்?"

மேசையின் மறுபுறம் ஓர் ஏஜெண்ட் நின்றான். வெளியூர்ச் சரக்கு விற்பவன். வெல்வெட் பதித்த பெட்டி, அதில் வரிசையாக முப்பது பாட்டில்கள். அவற்றுக்கு முன்னால் முட்டை அட்டையை இழந்த ஆறு பாட்டில்கள் ஏழைச் சொந்தக்காரர்களைப் போலத் தெரிந்தன.

சோதனை எளிது. கதாநாயகியாக நடிக்கும் பெண் மேசையில் இரண்டு கைகளையும் நீட்டினாள். இடது கை ஏஜெண்டுக்கு; வலது கை இவர்களுக்கு.

ஏஜெண்ட் வேலை தெரிந்தவன்தான், குறை சொல்ல முடியாது. ஐந்து விரலுக்கும் பளபளவென்று பூசி முடித்து, ஊதிக்கொண்டிருந்தான். நயமான வெள்ளித் தூள், பட்டுத்துணி விரித்தாற்போல். மருமகளின் பனித்தூளுக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

மருமகள் வெள்ளைப் பசையை எடுத்தாள்.

"அம்மா, அண்ணிகிட்டச் சொல்லு" என்று குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள், "அது காய நேரமாகும். அவன் முடிச்சிட்டான். நேரடியாப் பூசச் சொல்லு."

"அத்தை, அவகிட்டச் சொல்லுங்க. அடிப்பூச்சு இல்லாம நான் பூசமாட்டேன்."

"ரெண்டு பேருக்கும் சொல்றேன்" என்றார் மாமியார். "அந்தாளு நம்மளையே பார்த்துட்டிருக்கான்."

ஏஜெண்ட் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "என்ன மேடம், ஸ்கூல் பசையா? நகம் போடறீங்களா, நோட்டுக்கு அட்டை போடறீங்களா?"

நடிகை சிரித்துவிட்டாள். மருமகள் ஐந்து நகத்துக்கும் ஓரம் பிசகாமல் பசை தடவினாள். பால் வெள்ளை. அது கண்ணாடியாகும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. ஆகவே நடந்தாள், இருக்கைகளுக்கு நடுவே சரிவில் ஏறி, கடைசி வரிசைவரை போய், தூசித்துணியை விலக்கி உட்கார்ந்தாள்.

விளக்குக்காரர் ஒளியைச் சரிபார்த்தார். நடிகை இடது கையைத் தூக்கினாள்.

மருமகள் கண்களைச் சுருக்கினாள், மூடித் திறந்தாள், மறுபடியும் பார்த்தாள்.

சாம்பல்.

கிட்டத்தில் பட்டாக இருந்தது இங்கே சாம்பலாக இருந்தது. தூள் நயமாக இருந்ததால் ஒவ்வொரு மினுக்கும் பக்கத்து மினுக்கோடு கலந்து, எதுவும் மின்னாமல், அடுப்புச் சாம்பலில் விரலை விட்டு எடுத்தாற்போல் ஒரே மங்கலாகத் தெரிந்தது. அவளுடைய பனித்தூளும் இதே நயம்தான். இதைவிட நயம் என்று இரண்டு வாரமாகப் பெருமைப்பட்டிருந்தாள்.

சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்க வருகிறவர்களிடம் அவள் தினமும் சொல்வது: "அட்டையில பார்க்காதீங்க, எட்டி நின்னு பாருங்க." ஊருக்கு உபதேசம். தன் அடுக்களையில் மட்டும் பாட்டிலை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் கழித்திருந்தாள்.

செவ்வாய் இரவு குட்டி கத்திய கடைசி வாக்கியம் அப்போது நினைவுக்கு வந்தது: "நீங்க கண்ணுல ஒட்டி வச்சுப் பார்க்கறீங்க அண்ணி, தெருவுல போறவ எதிர்வரிசையிலேர்ந்து பார்க்கறா!"

சரிவில் இறங்கி வருவதற்குச் சில விநாடிகள்தான் ஆகும். அவளுக்கு அந்த நடை நீளமாக இருந்தது. மேசையருகே வந்து, நேராகக் குட்டியின் முன்னால் நின்று, கையை நீட்டினாள்.

"கொடு."

குட்டி சுற்றுமுற்றும் பார்த்தாள், தாயை அல்ல, தன்னைத்தான் கேட்கிறாள் என்று உறுதியானபின், "எதை?" என்றாள்.

"நான் கொண்டு வர வேண்டாம்னு சொன்னதை."

"மீன் கடையையா?"

"மீன் கடையைத்தான். அங்க போய் உக்காந்து பார்த்தேன். நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. போதுமா, இன்னும் வேணுமா?"

"வேணும்தான்" என்றாள் குட்டி, கைப்பையைத் திறந்துகொண்டே. "மீதியை வீட்டுல போய் வாங்கிக்கறேன்."

பசை காய்ந்து மறைந்திருந்தது. குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது அவளைக் குட்டி என்று எவரும் அழைக்கத் துணியமாட்டார்கள். செதில்களைத் தூரிகையால் இழுத்துப் பூச முடியாது. இழுத்தால் அவை வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடும். அவள் ஒரு துண்டு ஸ்பாஞ்சில் பாலிஷை எடுத்து, நகத்தின் மேல் ஒற்றினாள். ஒற்றி எடுத்தாள், மறுபடி ஒற்றினாள். ஒவ்வொரு செதிலும் ஓடு வேய்ந்தாற்போல் தன் இடத்தில் படிந்தது. நுரை இல்லை, துளை இல்லை. மாமியார் தம் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மீன் செதில் மாதிரி இருக்கே" என்றான் ஏஜெண்ட்.

"ஏற்கெனவே சொல்லிட்டாங்க" என்றாள் குட்டி, தலை நிமிராமல். "புதுசா ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

ஒப்பனைப் பொறுப்பாளர் கடைசி வரிசைக்குப் போனார். விளக்குகள் அணைந்தன. ஒரே ஒரு ஒளி மேடையில் விழுந்தது.

"இடது கை."

நடிகை தூக்கினாள். இருட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"வலது கை."

நடிகை வலது கையை நீட்டி, நாடகத்தில் வருகிறபடி விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். ஐந்து நகங்களும் ஐந்து திசைக்கு ஒளியை எறிந்தன. ஏணி உச்சியில் இருந்த விளக்குக்காரர் "அடேயப்பா!" என்றது எல்லாருக்கும் கேட்டது. பாதி அடித்த சுவரில் வெள்ளியும் தங்கமுமாகப் புள்ளிகள் நீந்தின.

"விரல் விரலா எண்ண முடியுது" என்றது கடைசி வரிசைக் குரல். "அப்படியே இருங்க. இன்னொரு தடவை."

மாமியார் மருமகளின் முழங்கையைக் கிள்ளினார். மகிழ்ச்சியில் அவர் எப்போதும் கிள்ளுவார். யாரைக் கிள்ளுகிறோம் என்று பார்ப்பதில்லை.

ஏஜெண்ட் விடவில்லை. "மேடம், என்கிட்டயும் பெரிய சைஸ் இருக்கு. நாளைக்கே கொண்டு வரேன். கம்பெனிச் சரக்கு."

பொறுப்பாளர் இறங்கி வந்தார். "கொண்டு வருவீங்க. அதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். இடைவேளைக்கு அப்புறம் அவகிட்ட ஒண்ணுமே கிடையாது. எல்லாத்தையும் பறிகொடுத்தவ. நகம் வெறுமையா இருக்கணும். துணி மாத்தி, தலை கலைச்சு, நகத்துக்குன்னு எனக்குக் கெடைக்கிறது மூணு நிமிஷம். ரெண்டு பேரும் எடுத்துக் காட்டுங்க."

ஏஜெண்டின் முகத்தில் முதன்முறையாக விளம்பரம் அணைந்தது. ஜிகினாப் பூச்சைப் போடத் தெரிந்த எல்லாருக்கும் அதை எடுப்பது என்னவென்று தெரியும். பஞ்சை ரிமூவரில் நனைத்து, அழுத்தித் தேய்த்தான். வெள்ளித்தூள் நகத்தை விட்டு விரலுக்குப் போயிற்று, விரலை விட்டுப் புறங்கைக்குப் போயிற்று, போகவில்லை, பரவிற்று. நடிகை மூக்கைச் சுளித்தாள்.

"எரியுது."

"ரெண்டு நிமிஷம் ஊறணும் மேடம். ஒரு விரலுக்கு."

"எனக்குக் கணக்குத் தெரியும்" என்றார் பொறுப்பாளர். பிறகு மருமகளைப் பார்த்தார். "நீங்க?"

மருமகள் பஞ்சு எடுக்கவில்லை, பாட்டில் எடுக்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, நடிகையிடம் சொன்னாள்: "சுண்டுவிரல் நகத்தோட ஓரத்தைக் கிள்ளி, மெதுவா மேல இழுங்கம்மா. நீங்களே."

நடிகை கிள்ளினாள், இழுத்தாள். ஜிகினா ஒரு சிறு கிண்ணம் போல, முழுசாக, உடையாமல் கையோடு வந்தது. கீழே இருந்த நகம் குளித்துவிட்டு வந்த குழந்தையைப் போலச் சுத்தமாக இருந்தது.

"ஐயோ, நல்லாருக்கே! மத்ததையும் நானே உரிக்கறேன்!"

உரித்தாள். மேசையில் ஐந்து வெள்ளிக் கிண்ணங்கள் வரிசையாகக் கிடந்தன. மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி மிச்சம்.

"அது அந்த ஸ்கூல் பசைதானே?" என்றான் ஏஜெண்ட், மெல்லிய குரலில்.

"ஆமாம்" என்றாள் மருமகள். "நோட்டுக்கு அட்டை போட்டது போக மிச்சம் இருந்தது."

*

கையெழுத்து அவ்வளவு சுலபத்தில் வந்துவிடவில்லை. சோதனையின் முடிவை எழுத வேண்டும், அச்சடிக்க வேண்டும், அச்சுப்பொறி காகிதத்தை மென்று துப்பியது, மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று பெண்களும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தை முறை வைத்துப் பார்த்தார்கள். நாலரை ஆயிற்று.

பொறுப்பாளர் காகிதத்தோடு வந்தார். மருமகள் அதை வாங்கி முதல் எழுத்திலிருந்து படித்தாள். அவளுக்கு அப்படித்தான் படிக்கத் தெரியும். நாடகம் ஓடும் காலம் முழுவதும் ஜிகினா நகப்பூச்சும் அடிப்பூச்சும் இவர்களிடமிருந்தே. வாரந்தோறும். காட்சி நாட்களில் பூசுகிற வேலையும் குட்டியின் பார்லருக்கே. எல்லாம் இருந்தது. கடைசி வரியும் இருந்தது.

'பூச்சு மழைக் காட்சியிலும் நிலைக்க வேண்டும்.'

"மழையா?" என்றாள்.

"சொல்லலையா? முதல் பாதியோட முடிவுல. நிஜத் தண்ணி. மேலேர்ந்து கொட்டும். அவ நனைஞ்சுக்கிட்டுத்தான் கையை நீட்டுவா." பொறுப்பாளர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, வேண்டாம் என்று பேனாவுக்கு மாறினார். "தாங்கும் இல்ல?"

வெள்ளைப் பசை தண்ணீரில் கரையும். அதைத் தண்ணீரில் இளக்கியவளே அவள்தான். குட்டி பெஞ்சிலிருந்து எழுந்து, வாயைத் திறக்காமல், கண்ணால் 'தாங்கும்னு சொல்லுங்க' என்றாள்.

"இன்னைக்குத் தெரியாதுங்க" என்றாள் மருமகள். "தெரிஞ்ச மாதிரிச் சொல்லமாட்டேன். அடுத்த வியாழனுக்குள்ள செஞ்சு காட்டறேன்."

பொறுப்பாளர் காகிதத்தைத் திரும்ப வாங்கினார். பிறகு கடைசி வரிக்குப் பக்கத்தில் 'அடுத்த வியாழன்' என்று எழுதினார். அதற்குக் கீழே, நீளமாக, சுழித்து, அழுத்தமாகக் கையெழுத்திட்டார். மேலாளர் வாய் துடைத்துக்கொண்டு வந்து தம் கையெழுத்தையும் சேர்த்தார். காகிதம் உறைக்குள் போயிற்று.

"அண்ணி" என்றாள் குட்டி, வெளியே வந்ததும். "எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கும்தான்."

"அவங்க கையெழுத்துப் போடாம இருந்திருந்தா?"

"பல்லு வலிக்கு வீட்டுலயே வைத்தியம். நல்லதுதானே."

குட்டி சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் அடக்கி வைத்த பேச்சு முழுவதையும் பேருந்து நிறுத்தம் வருவதற்குள் பேசி முடித்தாள். மாமியார் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.

*

அவர்கள் தெருவில் இறங்கியபோது தூறல் போட்டது. காலையில் எதையும் உறுதி சொல்லாத வானம் மாலையில் சொல்லிவிட்டது. குடை இல்லை. குட்டி உறையை வாங்கிப் புடவைக்குள் செருகிக்கொண்டாள். மூவரும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள்.

முன்னறையில் விளக்கு எரிந்தது. பல் டாக்டர் ஏற்கெனவே வந்திருந்தார், நல்ல மனிதர், குட்டியின் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று நாடாவால் சுவரை அளந்துகொண்டிருந்தார். மாமனார் மேசையின் முன் அமர்ந்திருந்தார். வாடகைப் பத்திரம் அவருடைய மணிமணியான எழுத்தில் தயாராக இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. கடிகாரத்தில் ஆறு அடிக்க இன்னும் நேரமிருந்தது, மிகக் கொஞ்சம்.

"என்னாச்சு?" என்றார்.

"கெடச்சுடுச்சு அப்பா! வாராவாரம்! நாடகம் ஓடற வரைக்கும்!"

"வாய்ச்சொல்லா?"

குட்டி உறையை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். "நீ கொடு அம்மா. நீ உருட்டலேன்னா ஒண்ணுமே இல்ல."

"நான் நிமிர்த்தலேன்னா உருட்டவே வேண்டியிருந்திருக்காது. உன் பாட்டில்தானே ஜெயிச்சது? நீயே கொடு."

"பசை அண்ணியோடது. அண்ணிதான் கொடுக்கணும்."

"யாராவது ஒருத்தர் கொடுங்க" என்றார் மாமனார். "டாக்டருக்குக் கை வலிக்குது, நாடாவைப் பிடிச்சுக்கிட்டு."

உறை மருமகளிடம் வந்து சேர்ந்தது. அவள் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தாள். அப்போதுதான் தன் விரல்களைக் கவனித்தாள். காலையில், கடைக்குத்தான் விடுப்பாயிற்றே என்று, ராசிக்காகத் தன் நகங்களுக்கும் பசையிட்டுப் பனித்தூள் பூசியிருந்தாள். தெருமுனையிலிருந்து வாசல்வரை பெய்த தூறல் அவ்வளவுதான். உறை பிடித்த கையில் நான்கு நகங்கள் வெறுமையாகிவிட்டிருந்தன. ஆட்காட்டி விரலில் மட்டும் ஒரு வெள்ளிக் கிண்ணம் ஓரம் தூக்கி, இதோ அதோ என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன் மேல் பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டாள். அடுத்த வியாழன் அடுத்த வியாழன்தான்.

மாமனார் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். அதில் ஒட்டியிருந்த நீலப் பாலிஷ் தோல் ஒன்றை எடுத்து, மேசை ஓரத்தில் வைத்தார். பேனாவை மூடினார். பிறகு, பத்திரம் வாங்கிக்கொள்கிற முறைப்படி இரண்டு கைகளையும் நீட்டினார்.

அரங்கத்தார் கையெழுத்திட்ட முடிவை மருமகள் அவர் கையில் கொடுத்தாள்.